எம்எஸ் உள்ளவரின் நினைவையும் சிந்தனை வேகத்தையும் ஆண்டுதோறும் அளப்பது எப்படி? பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) வந்தவரை நியூராலஜிஸ்ட் பார்க்கும்போது நடக்கச் சொல்வார், கண்ணைச் சோதிப்பார், கை கால் பலம் பார்ப்பார், எம்ஆர்ஐ எழுதித் தருவார். நினைவும் சிந்தனை வேகமும் எப்படி இருக்கின்றன என்று அளந்து ஃபைலில் எழுதி வைப்பது அபூர்வம். நோயின் தீவிரத்தைக் குறிக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஈடிஎஸ்எஸ் அளவுகோலிலும் நடைக்குத்தான் பெரும் பங்கு. அதனால் நன்றாக நடக்கிறவர் நன்றாக இருப்பதாகவே கணக்கில் ஏறிவிடுகிறார். அதே ஆள் அலுவலகத்தில் ஒரே மின்னஞ்சலை மூன்று முறை படித்தும் பிடிபடாமல் உட்கார்ந்திருப்பது எங்கேயும் பதிவாவதில்லை.

எம்எஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய 40 முதல் 65 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் அறிவாற்றல் பாதிப்பு இருக்கிறது. நடையில் ஒரு குறையும் தெரியாதவர்களுக்கும் வரும். நோய் கண்டுபிடித்த முதல் வருடத்திலேயேகூட வரும்.

பெங்களூரில் இந்தச் சோதனைகளை எடுப்பது என் வேலை. அல்சூர், ஸ்ரீராம்புரம், கே.ஆர்.புரம் என்று ஊருக்குள்ளிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களும், ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலத்திலிருந்து விடியற்காலை கிளம்பி வருகிறவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மறதி அதிகமாகிட்டே போகுதா மேடம்?" அதிகமாகிறதா என்று சொல்ல, முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த எண் யாரிடமும் இருக்காது. அந்த எண்ணை எப்படி உண்டாக்குவது, அடுத்தடுத்த வருடங்களில் அதோடு எப்படி ஒப்பிடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்ன குறைகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எம்எஸ்ஸில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் வேகம்: கேட்டதை, பார்த்ததை மூளை உள்வாங்கிப் பதில் தரும் வேகம். அடுத்து, புதிதாக ஒன்றைக் கற்று மனதில் நிறுத்துவது. அதன் பிறகு திட்டமிடுவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிப்பது. பேச்சும் பொது அறிவும் பழைய நினைவுகளும் பெரும்பாலும் கலையாமல் இருக்கும். அதனால்தான் பத்து நிமிடம் பேசிப் பார்த்து "நல்லாத்தானே பேசுறாங்க" என்று சொல்வது எம்எஸ்ஸில் செல்லாது. முதியோர் மறதி நோய்க்கு எடுக்கும் சின்ன வினாப் பட்டியலும் இங்கே பயன்படாது. இன்று என்ன கிழமை, நாட்டின் தலைநகரம் எது என்ற கேள்விகளுக்கு எம்எஸ் உள்ளவர் சரியாகப் பதில் சொல்லி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். அவருடைய சிக்கல் வேகத்தில் இருக்கிறது. கடிகாரம் வைத்து அளந்தால்தான் அது தெரியும்.

முதல் படி: தொந்தரவு தொடங்கும் முன்பே ஓர் அடிப்படை அளவு

அமெரிக்காவின் தேசிய எம்எஸ் சொசைட்டி ஆதரவில் 2018-இல் வந்த பரிந்துரை எளிமையானது. நோய் உறுதியான ஆரம்பக் கட்டத்திலேயே, உடல்நிலை நிலையாக இருக்கும் ஒரு நாளில் ஒரு சோதனை எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது அதே சோதனையைத் திரும்ப எடுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

"இவளுக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, எதுக்கு இப்ப டெஸ்ட்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நன்றாக இருப்பதால்தான் இப்போதே எடுக்க வேண்டும். வங்கியில் அதிகாரியாக இருக்கும் ஒருவர் பாதிப்புக்கு முன்னால் சராசரியைவிட மிக மேலே இருந்திருப்பார். அவர் நன்றாகவே சரிந்த பிறகு எடுத்தாலும் முடிவு "சராசரி" என்றுதான் வரும். அவர் எவ்வளவு இழந்தார் என்பது அந்தத் தாளில் தெரியவே தெரியாது.

இரண்டாம் படி: எந்தச் சோதனை

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எஸ்டிஎம்டி (சிம்பல் டிஜிட் மோடாலிட்டீஸ் டெஸ்ட்) எடுங்கள். ஒரு தாள், ஒரு ஸ்டாப்வாட்ச், ஐந்து நிமிடம் போதும். தாளின் மேல் வரிசையில் ஒன்பது குறியீடுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கீழே 1 முதல் 9 வரை ஓர் எண். அதற்குக் கீழே குறியீடுகள் மட்டும் வரிசை வரிசையாக இருக்கும். எண்ணுக்கான கட்டம் காலியாக இருக்கும். முதல் பத்துக் கட்டங்கள் பழகிக்கொள்வதற்கு. அப்புறம் 90 விநாடிக்குள் எத்தனை கட்டத்துக்குச் சரியான எண்ணைச் சொல்கிறார் என்பதே மதிப்பெண். அதிகபட்சம் 110. எம்எஸ்ஸில் கை நடுங்கலாம், மரத்துப் போகலாம். அதனால் எழுதச் சொல்வதில்லை. அவர் வாயால் சொல்ல, சோதனை எடுப்பவர் குறித்துக்கொள்வார்.

பார்க்க அற்பமாகத் தெரியும். எதிரில் உட்கார்ந்து பார்த்தால் அப்படி இருக்காது. முதல் இருபது விநாடி சீராகப் போகும். அப்புறம் கண் மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே போகும், விரல் வரிசையைத் தவறவிடும், நாக்கு வறளும். பக்கத்தில் இருக்கும் கணவர் தன்னையறியாமல் உதட்டசைப்பார். நான் இப்போதெல்லாம் கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து இருபது நிமிடம் கிடைத்தால் பைகாம்ஸ் எடுக்கலாம். 2012-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எம்எஸ்ஸுக்கென்றே தேர்ந்தெடுத்த தொகுப்பு இது. எஸ்டிஎம்டியோடு இரண்டு நினைவுச் சோதனைகள் சேரும். ஒன்றில் 16 சொற்களைப் படித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் சொல்வார்கள், ஐந்து முறை, மொத்தம் 80. இன்னொன்றில் ஆறு வடிவங்கள் உள்ள தாளைப் பத்து விநாடி காட்டி எடுத்துவிட்டு, அவற்றை அதே இடத்தில் வரையச் சொல்வார்கள், மூன்று முறை, மொத்தம் 36. பெரிய கருவி எதுவும் வேண்டாம், பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ்கூட எடுக்கலாம் என்பதுதான் இதன் பலம்.

பழைய அறிக்கைகளில் பசாட் என்று ஒன்றைப் பார்க்கலாம். மூன்று விநாடிக்கு ஓர் எண் காதில் விழும். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும். சோதிப்பவருக்கும் சோதிக்கப்படுபவருக்கும் அது ஒரு தண்டனை. பள்ளியில் கணக்கென்றால் நடுங்கியவர் இங்கேயும் நடுங்குவார். பழகப் பழக மதிப்பெண்ணும் வெகுவாக ஏறும். வருடாவருடம் ஒப்பிடுவதற்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முழுச் சோதனை இதற்கெல்லாம் மேல். ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004-இல் வெளியிட்ட நியூரோசைக்காலஜி தொகுப்பில் நம் நாட்டவரின் வயது, பாலினம், படிப்பு ஆகியவற்றுக்கேற்ற ஒப்பீட்டு எண்கள் இருக்கின்றன. வேலை, இயலாமைச் சான்றிதழ் போன்ற பெரிய முடிவுகள் இருந்தாலோ, சின்னச் சோதனையில் சரிவு தெரிந்தாலோ அதற்குப் போங்கள். வருடாவருடம் தேவையில்லை.

மூன்றாம் படி: மொழியை முடிவு செய்து எழுதி வையுங்கள்

பெங்களூருத் தமிழருக்கு இது தனி விஷயம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், படித்தது ஆங்கிலத்தில், எண்களை எண்ணுவதோ பாதி ஆங்கிலத்தில். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தமிழில் சொன்னால் ஒவ்வோர் எண்ணுக்கும் குறைந்தது இரண்டு அசை, ஒம்பதுக்கு மூன்று. ஆங்கிலத்தில் ஏழைத் தவிர மற்ற எட்டும் ஓரசை. 90 விநாடியில் ஐம்பது அறுபது எண் சொல்ல வேண்டிய இடத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை. போன வருடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இந்த வருடம் தமிழில் சொன்னால், மூளை அப்படியே இருந்தாலும் மதிப்பெண் இறங்கலாம். சிலர் தமிழில் தொடங்கி, அவசரத்தில் நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். தொடங்கும் முன்பே கேளுங்கள்: "நம்பர் எந்த பாஷைல வேகமா வரும்?" அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மொழியைத் தாளின் தலையில் எழுதுங்கள்.

சொற்பட்டியல் இன்னும் நுணுக்கமானது. ஆங்கிலப் பட்டியலை அங்கேயே உட்கார்ந்து தமிழாக்கிப் படித்தால் அது வேறு சோதனை. சொல்லின் நீளமும் பழக்கமும் மாறிவிடும். முறையாகத் தயாரித்த தமிழ்ப் பட்டியல் அந்த மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், நோயாளிக்கு நன்றாகப் புழங்கும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எடுக்கலாம். எந்த மொழியானாலும் அடுத்த வருடமும் அதே மொழி.

இன்னொன்று. எட்டாம் வகுப்பு படித்த ஓர் அம்மாவின் மதிப்பெண்ணை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் சராசரியோடு வைத்துப் பார்த்து "கடுமையான பாதிப்பு" என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். பார்த்தால் வயிறு எரியும். அவரை அவருடைய சொந்தப் பழைய எண்ணோடு ஒப்பிட்டால் படிப்பும் மொழியும் உண்டாக்கும் இந்தக் கோளாறு பெருமளவு விலகிவிடும். நான் அடிப்படை அளவை இவ்வளவு வலியுறுத்த அதுவும் ஒரு காரணம்.

நான்காம் படி: சோதனை நாளைத் தேர்ந்தெடுப்பது

ரிலாப்ஸ் (நோய் திடீரென்று மறுபடி தலைதூக்குவது) முடிந்த கையோடு, ஸ்டீராய்டு ஊசி போட்ட வாரத்தில் எடுக்காதீர்கள். குறைந்தது ஒரு மாதமாவது போகட்டும். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் இருந்தாலும் தள்ளிப் போடுங்கள். உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே எம்எஸ்ஸில் பழைய அறிகுறிகள் தலைதூக்கும். ஏப்ரல் வெயிலில் இரண்டு பேருந்து மாறி வந்தவரை நேராக உட்கார வைத்தால் அந்தச் சூட்டையும் சேர்த்துத்தான் அளப்போம். அரை மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டு வரட்டும்.

ரிட்டுக்சிமாப் போன்ற மருந்தைச் சொட்டாக ஏற்றும் நாளில் எடுப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. எப்படியும் நாள் முழுக்க மருத்துவமனையில்தானே இருப்பார் என்று. மருந்துக்கு முன்னால் அலர்ஜி வராமல் இருக்க ஏவில் ஊசி போடுவார்கள். அது தூக்கத்தைத் தரும். அன்றைக்குத்தான் எடுத்தாக வேண்டும் என்றால் ஊசிக்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முந்தைய இரவே வந்து தங்க முடியுமா பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, சேலத்திலிருந்து வண்டி ஏறி, ஓசூர் சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று வந்தவரின் எண்ணை நான் நம்புவதில்லை. முடியாது என்றால், அடுத்த வருடமும் அதே மாதிரி வரும்போதே எடுங்கள்; குறைந்தபட்சம் இரண்டும் ஒரே நிலையில் எடுத்தவையாக இருக்கும். காலையா மாலையா என்பதும் மாறக் கூடாது.

படிக்கும் கண்ணாடியைக் கொண்டுவாருங்கள். எம்எஸ்ஸில் பார்வை நரம்பு அடிபடுவது சகஜம். குறியீடு மங்கலாகத் தெரிந்தால் அளப்பதெல்லாம் கண்ணைத்தான். பேச்சு குழறுகிறவரை முதலில் ஒன்று முதல் ஒன்பது வரை வேகமாகச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். அதுவே தடுமாறினால் அதைக் குறித்து வைக்க வேண்டும்.

முக்கியமாக, வீட்டில் பழகிப் பார்க்காதீர்கள். செல்போனில் அந்தத் தாளின் படத்தைத் தேடி எடுத்துப் பயிற்சி செய்தால் அடுத்த வருட மதிப்பெண்ணுக்கு அர்த்தம் இருக்காது. பரீட்சைக்குப் படிப்பது மாதிரி நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் சரிவை மறைத்துவிடும். பழக்கத்தின் விளைவைக் குறைக்கத்தான் ஒவ்வொரு முறையும் குறியீடுகளும் சொற்களும் மாறிய மாற்றுத் தாள்கள் இருக்கின்றன. எந்தத் தாள் என்பதையும் பதிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: கூடவே மனநிலை, சோர்வு, தூக்கம், மாத்திரை

மனச்சோர்வு எம்எஸ்ஸில் மிகச் சாதாரணம்; அது வேகத்தையும் நினைவையும் நேரடியாகக் கீழே இழுக்கும். அதனால் எஸ்டிஎம்டி எடுக்கும் அதே நாளில் பிஹெச்க்யூ-9 போன்ற மனநிலை வினாப் பட்டியலும் சோர்வுக்கான பட்டியலும் நிரப்புவது அவசியம். எண் இறங்கியிருந்து மனச்சோர்வும் ஏறியிருந்தால் முதலில் கவனிக்க வேண்டியது எது என்பது தெரிந்துவிடும்.

எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் எழுதிக் கொண்டுவாருங்கள். சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்சிபியூட்டினின், தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலினும் கபாபென்டினும், தூக்க மாத்திரை எல்லாமே மூளையை மந்தமாக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு சோதனைகளுக்கு நடுவில் எது புதிதாகச் சேர்ந்தது என்று மருத்துவருக்குத் தெரிந்தால் போதும்.

ஆறாம் படி: எண்ணைப் படிப்பது

குடும்பங்கள் அதிகம் பயப்படுவதும் ஏமாறுவதும் இங்கேதான். போன வருடம் 52, இந்த வருடம் 49. இறங்கிவிட்டதா? இதற்குப் பதில் சொல்ல இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, இயல்பான ஆட்டம். எந்த மாற்றமும் இல்லாத ஆளுக்கே அடுத்த வாரம் எடுத்தால் எண் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தைக் கணக்கிட ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் 1991-இல் எழுதிய முறையே இன்றைக்கும் அடிப்படை. உதாரணத்துக்கு, மதிப்பெண்களின் பரவல் (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) 10 என்றும், திரும்ப எடுத்தால் எவ்வளவு ஒத்துவரும் என்பதைக் காட்டும் நம்பகத்தன்மை 0.9 (முழுமையாக ஒத்தால் 1) என்றும் வையுங்கள். 1-இலிருந்து 0.9 போக மிச்சம் 0.1, அதன் வர்க்கமூலம் 0.316. பத்தால் பெருக்கினால் 3.16. இது ஒரு தடவை அளப்பதில் உள்ள பிழை. நாம் இரண்டு தடவை அளக்கிறோம், ஆகவே 1.414-ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 4.5. இதை 90 சதவீத உறுதிக்கான எண்ணான 1.645-ஆல் பெருக்கினால் 7.4. அதாவது 90 சதவீத உறுதியோடு "இது தற்செயல் இல்லை" என்று சொல்ல ஏழு எட்டுப் புள்ளி வித்தியாசம் தேவை. 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் ஒன்பதுக்குக் கிட்டே.

இரண்டாவது, பழக்கத்தால் வரும் ஏற்றம். இரண்டாம் முறை எடுக்கும்போது ஆரோக்கியமானவருக்கே ஓரிரு புள்ளி ஏறும். ஏற வேண்டியவர் அப்படியே நின்றாலும் அதைக் கவனிக்க வேண்டும். எதிர்பார்த்த ஏற்றம் 2 என்று வைத்தால், 52-இலிருந்து 47-க்கு வந்தவர் உண்மையில் 7 புள்ளி பின்தங்கியிருக்கிறார்.

அப்படியானால் பல இடங்களில் சொல்லப்படும் "4 புள்ளி" எங்கிருந்து வந்தது? வேலை பறிபோவது போன்ற அன்றாட வாழ்க்கை மாற்றங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, எஸ்டிஎம்டியில் 4 புள்ளி அல்லது 10 சதவீதச் சரிவு வாழ்க்கையில் பொருள்படும் அளவு என்று கண்டார்கள். ஒரு குழுவின் சராசரிக்கு அது நல்ல அளவுகோல். தனி ஒருவரின் ஒரே ஒரு அளவில் 4 என்பது ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: மூன்று புள்ளிவரை கவலை வேண்டாம், குறித்து வையுங்கள். நான்கு முதல் ஏழுவரை இறங்கியிருந்தால் தூக்கம், மனநிலை, மாத்திரை, தொற்று எல்லாவற்றையும் அலசி, மூன்று முதல் ஆறு மாதத்தில் மாற்றுத் தாளில் திரும்ப எடுங்கள். எட்டும் அதற்கு மேலும் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் நியூராலஜிஸ்டைப் பாருங்கள். கை கால் அறிகுறி எதுவும் இல்லாமல் சிந்தனை வேகம் மட்டும் சட்டென்று விழும் ரிலாப்ஸ்கள் உண்டு. எம்ஆர்ஐயில்தான் அவை பிடிபடும்.

மூன்று நான்கு வருட எண்கள் சேர்ந்த பிறகு படம் தெளிவாகும். 52, 54, 53, 47 என்பது ஒரு கதை; 52, 50, 48, 47 என்பது வேறு கதை. இரண்டாவதில் எந்த வருடமும் பெரிய சரிவு இல்லை, ஆனால் திசை மாறவே இல்லை. முந்தைய வருடத்தோடு மட்டும் ஒப்பிட்டால் இதைத் தவறவிடுவோம். அதனால் ஒவ்வொரு முறையும் முதல் அளவோடும் ஒப்பிடுங்கள்.

வீட்டில் ஒரு நோட்டு

எண் சொல்லாததை வீடு சொல்லும். எம்எஸ்என்க்யூ என்ற 15 கேள்விப் பட்டியலை நோயாளி ஒன்றும் வீட்டில் ஒருவர் ஒன்றுமாகத் தனித்தனியே நிரப்பலாம். மனச்சோர்வு உள்ளவர் தன் மறதியைக் கூட்டிச் சொல்வார். பாதிப்பு நிஜமாகவே அதிகமானவர் குறைத்துச் சொல்வார். கூட இருப்பவரின் பதில்தான் சோதனையோடு அதிகம் ஒத்துப்போகிறது.

மாதத்துக்கு ஒரு முறை, தேதி போட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள். "மறதி ஜாஸ்தி" என்று எழுதினால் பயனில்லை. "குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்", "நாலு பேர் பேசும்போது பாதியில் எழுந்து போய்விடுகிறார்", "இஎம்ஐ தேதியை முதல் முறையாகத் தவறவிட்டார்" என்று எழுதுங்கள். அவருக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். வேவு பார்ப்பதாக நினைத்தால் பேச்சே நின்றுபோகும். "நீயும் எழுதும்மா, நானும் எழுதறேன்" என்று சொல்லும் வீடுகளில் இது நன்றாக நடக்கிறது.

சரிவு உறுதியானால்

முதலில் திருத்தக்கூடியவை. பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை, குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கச் சோதனை, மனச்சோர்வுக்குச் சிகிச்சை, மாத்திரைகளின் மறுபரிசீலனை. கூடவே எம்ஆர்ஐ; நோய் அடங்கவில்லை என்று தெரிந்தால் மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவர் பேசுவார்.

"ஞாபக மாத்திரை ஏதாவது எழுதித் தாங்க" என்று கேட்பவர்கள் நிறைய. மறதி நோய்க்குத் தரும் டொனெபெசிலை எம்எஸ்ஸில் முயன்று பல மருத்துவ மையங்களில் நடந்த அமெரிக்க ஆய்வு 2011-இல் வெளியானது. நினைவில் முன்னேற்றம் காட்டவில்லை. பயிற்சி அதைவிடப் பலன் தருகிறது. நினைவில் நிறுத்த வேண்டியதைக் கதையாகக் கோத்து, மனக்கண்ணில் படமாக்கிப் பழகும் முறை 2013-இல் வெளியான ஆய்வில் நல்ல பலன் காட்டியது. இதைச் சொல்லித்தரும் மறுவாழ்வு உளவியலாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

வேலை பார்ப்பவர் என்றால் ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் இந்த எண்களோடு வந்து பேசுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயர் சொல்லியே இருக்கிறது. வேகம் மட்டும் குறைந்து புரிதல் குறையாத ஒருவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது சின்ன மாற்றங்கள்: சத்தமில்லாத இருக்கை, மீட்டிங் குறிப்பை எழுத்தில் தருவது, ஒரு நேரத்தில் ஒரு வேலை, கடினமான வேலையைக் காலையில் வைத்துக்கொள்வது. மேலாளரிடம் "எனக்கு ஞாபக மறதி" என்று பொதுவாகச் சொல்வதைவிட, இன்ன வேலைக்கு இவ்வளவு கூடுதல் நேரம் தேவை என்று உளவியலாளரின் கடிதத்தோடு கேட்பது எடுபடுகிறது.

சிகிச்சையோ பயிற்சியோ தொடங்கினால், தொடங்கிய தேதியைப் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதி, ஆறு மாதம் கழித்து, அதே மொழியில், அதே நேரத்தில், மாற்றுத் தாளில் மறுபடி எடுங்கள். தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டு ஃபைலில் வையுங்கள். மருத்துவர் மாறினாலும் மருத்துவமனை மாறினாலும் அது உங்களோடு வரும்.